கடல் வற்றும் நேரத்தில் கல்சுவர் பார்க்கலாம்: மும்பை கோலிவாடாக்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தாராவியிலோ மாட்டுங்காவிலோ எந்தத் தமிழ் வீட்டுக்குள் போனாலும் அடுப்படிப் பக்கம் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். ராகுகாலம், எமகண்டம், திதி, நட்சத்திரம் எல்லாம் அதில் உண்டு. மும்பைக் கடலோரத்துப் பழைய கல்சுவர்களைப் பார்க்கக் கிளம்புகிறவருக்கு முதலில் வேண்டியது அந்தக் காலண்டர்தான். கேமரா அப்புறம்.

ஏனென்றால் கோலிவாடா எனப்படும் கோலி மீனவர் குடியிருப்புகளின் ஓரத்தில் நிற்கும் இந்தச் சுவர்களில் பாதி, நாளில் பல மணி நேரம் தண்ணீருக்குள் இருக்கும். பெரும்பாலானவர்கள் மத்தியானம் வருகிறார்கள், மேல்விளிம்பை மட்டும் பார்க்கிறார்கள், சீ லிங்க் கடற்பாலம் பின்னால் தெரிய ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சுவரின் வயசும் நோயும் அதன் காலடியில்தான் தெரியும். காலடியைப் பார்க்க வேண்டுமென்றால் கடல் விலகித்தான் ஆக வேண்டும்.

என் சித்தப்பா கொத்தனார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் குடியேறியவர். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அவர் கல்லைப் பார்க்க மாட்டார், கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் இருக்கும் இடுக்கைத்தான் பார்ப்பார். கீழே சொல்லப்போவதில் பாதி அவரிடம் கற்றது, மீதி ஞாயிற்றுக்கிழமைகளில் கால் வழுக்கிக் கற்றது.

எங்கே போகலாம்

முதல் தடவையே கடலுக்குப் போகாதீர்கள். தாராவியிலேயே ஆரம்பியுங்கள். நாம் தோல், மண்பாண்டம், இட்லி என்று தெரிந்துவைத்திருக்கும் தாராவி, அதற்கெல்லாம் முன்னால் ஒரு மீன்பிடி கிராமம். தாராவி கோலிவாடா இன்னும் அங்கேயே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் பஸ் டிப்போ இருக்கும் பகுதியில் காலா கில்லா என்று ஒரு சின்னக் கோட்டை. கருங்கல்லால் கட்டியதால் ‘கறுப்புக் கோட்டை’ என்று பெயர். கவர்னர் ஜான் ஹார்ன் உத்தரவின்படி 1737-ல் கட்டியது என்று கல்வெட்டே சொல்கிறது. மித்தி ஆறு கடலோடு சேரும் கழிமுகத்தைக் காவல் காக்கக் கட்டியது. இப்போது சுற்றிலும் வீடுகள். துறைமுகச் சுவர் இல்லைதான். ஆனால் அலை பயமில்லாமல் கல்லையும் சாந்தையும் நெருங்கிப் பார்த்துப் பழக இதைவிட நல்ல இடம் நமக்கு வீட்டுப் பக்கத்தில் கிடைக்காது.

அடுத்தது வொர்லி கோலிவாடா. மாஹிம் விரிகுடாவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை மூக்கு. அதன் நுனியில் 17-ம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டிய சின்னக் கோட்டை, அதைச் சுற்றி வீடுகள், படகுகள், மூங்கில் சட்டங்களில் காயும் போம்பில் மீன். எனக்குப் பிடித்த இடம் இதுதான். பாறை எங்கே முடிகிறது, மனிதன் அடுக்கிய கல் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதற்கே ஒரு காலைப்பொழுது போதாது.

பெரிய வேலைப்பாடு பார்க்க வேண்டுமென்றால் கொலாபாவில் சசூன் டாக். ஆல்பர்ட் சசூன் கட்டி 1875-ல் முடித்தது. மேற்கு இந்தியாவின் முதல் மூடுகப்பல்துறை (வெட் டாக், கடல் வற்றினாலும் உள்ளே தண்ணீரைத் தேக்கிவைக்கும் துறை) என்று இதைச் சொல்வார்கள். பஞ்சு ஏற்றுமதிக்காகக் கட்டியது, இன்று நகரத்தின் பெரிய மீன் இறங்குதுறைகளில் ஒன்று. துறைமுக ஆணையத்தின் இடம் என்பதால் வாசலில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். படம் எடுக்கலாமா என்பதையும் தனியாகக் கேளுங்கள். விடியற்காலை ஏலம் நடக்கும்போது நடுவில் போய் நின்றால் ஐஸ் பெட்டி வந்து முழங்காலில் இடிக்கும். அவர்கள் பக்கம்தான் நியாயம்.

மாஹிம் கோட்டை, பாந்த்ராவில் போர்ச்சுகீசியர் 1640-ல் கட்டிய கோட்டை என்று பட்டியலை நீட்டலாம். மாஹிமிலிருந்து பாந்த்ராவுக்குப் போகும் கடல்பாலச் சாலையும் பழைய கல்வேலைதான். லேடி அவாபாய் ஜீஜீபாய் 1,57,000 ரூபாய் கொடுத்து 1845-ல் திறந்தது. ஆனால் அங்கே வண்டிகள் நம்மை நிற்க விடாது.

திதியும் வற்றும்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மற்ற எதில் தப்பினாலும் சமாளிக்கலாம், இதில் தப்பினால் அலைச்சல் மட்டும்தான் மிச்சம்.

மும்பைக் கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை வற்றுகிறது. ஏற்றத்தைக் கோலிகள் பர்த்தி என்பார்கள், வற்றை ஓஹோட்டி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்றவற்று உதாண். அஷ்டமிப் பக்கம் வரும் மந்தமான காலம் பாங். சென்னைக் கடலைப் பார்த்து வளர்ந்தவருக்கு இது புதுசாக இருக்கும். அங்கே ஏற்றத்துக்கும் வற்றுக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் சுமார்தான். இங்கே உதாண் நாட்களில் 4 மீட்டரைத் தாண்டும், அதாவது ஒரு மாடி உயரத்துக்கு மேல்.

கொங்கண் கரையில் ஒரு வாய்க்கணக்கு உண்டு. திதியை முக்காலால் பெருக்கு, ஏற்றம் உச்சிக்கு வரும் மணி கிடைக்கும். சதுர்த்தி என்றால் 4 பெருக்கல் முக்கால், 3 மணி. அஷ்டமி என்றால் 6 மணி. பகலுக்கும் இரவுக்கும் அதே கணக்கு. வளர்பிறை, தேய்பிறை இரண்டுக்கும் அதே. அதிலிருந்து 6 மணி 15 நிமிஷம் தள்ளினால் வற்று. அரை மணி, சில நாள் ஒரு மணி நேரம் முன்பின் ஆகும். அதனால் கிளம்புவதற்கு முன் கடல் ஏற்றவற்று அட்டவணையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரே நாளில் வரும் இரண்டு வற்றும் ஒரே ஆழத்துக்கு இறங்குவதில்லை என்பதும் அதில்தான் தெரியும்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். நமக்கு வேண்டியது நல்ல ஆழமான வற்று, அதுவும் வெயில் ஏறாத காலையில். பௌர்ணமிக்கோ அமாவாசைக்கோ அடுத்து வரும் பிரதமை, துவிதியை நாட்களில் வற்று காலை 7 மணியிலிருந்து 8 மணிக்குள் விழும். உதாணும் அந்த நாட்களில்தான் வலுவாக இருக்கும். மாதத்தில் இரண்டு வாய்ப்பு. அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையோடு சேர்ந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அஷ்டமி, நவமியில் போகவே போகாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் சொல்லும் காரணம் வேறு, என் காரணம் அன்று கடல் பாதிதான் இறங்கும் என்பது.

சுவர் காலடிக்கு வற்று நேரத்துக்கு ஒரு மணி முன்னால் போய்ச் சேர வேண்டும். வற்று முடிந்து ஒரு மணிக்குள் ஏறிவிட வேண்டும். கடல் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. மொத்த ஏற்றத்தை 12 பங்காகப் பிரித்தால் முதல் மணியில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, பிறகு 2, கடைசியில் 1. ஆரம்பத்தில் ஒன்றும் ஆகாத மாதிரி இருக்கும். மூன்றாவது மணியில் நீங்கள் செருப்பை வைத்த கல் காணாமல் போயிருக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை காலடிக்கு இறங்க வேண்டாம். மேலே நின்று அலை எங்கே அடிக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் 4.5 மீட்டருக்கு மேல் ஏற்றம் வரும் என்று மாநகராட்சி எச்சரிக்கும் நாட்களில் அதுகூட வேண்டாம்.

எடுத்துக்கொண்டு போக வேண்டியவை

பிடிப்பு உள்ள பழைய ஷூ, ஒரு அடி மரஸ்கேல், டேப், தூக்குக்குண்டு, பென்சில், நோட்டு, குடிக்கத் தண்ணீர். கையுறை இருந்தால் நல்லது. ஏன் என்று கீழே வரும். உளி, சுத்தி, சாக்பீஸ், ஸ்ப்ரே எதுவும் வேண்டாம்.

முதலில் தூர நின்று பார்க்கவும்

நேராகச் சுவரிடம் ஓடாதீர்கள். முப்பது, நாற்பது அடி தள்ளி நின்று, பலகை நேராக இருக்கிறதா என்று ஆசாரி ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாரே, அதுபோல மேல்விளிம்பின் ஓட்டத்தைப் பாருங்கள். எங்கேயாவது தொய்வு இருந்தால் அங்கே அடித்தளம் இறங்கியிருக்கிறது. வயிறு மாதிரி முன்னால் தள்ளியிருந்தால் பின்னாலிருந்து ஏதோ தள்ளுகிறது. அந்த இரண்டு இடங்களையும் நோட்டில் குறித்துக்கொண்டு பிறகு நெருங்குங்கள்.

நெருங்கியதும் தூக்குக்குண்டைப் பிடித்துச் சாய்வைப் பாருங்கள். நல்ல பழைய கடற்சுவர் செங்குத்தாக நிற்காது. கரைப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கும், அடி அகலம், மேல் குறுகல். தன் எடையால் மட்டுமே நிற்கும் சுவருக்கு அந்தச் சாய்வுதான் பலம். ஒரு மீட்டர் நூலுக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு இடைவெளி என்று ஐந்தாறு இடத்தில் அளந்து எழுதினால், கண்ணுக்குத் தெரியாத வயிறும் எண்ணில் தெரிந்துவிடும்.

கல்

மும்பையில் கல்லை அடையாளம் காண்பது சுலபம், நாலைந்து வகைதான். கறுப்போ கருஞ்சாம்பலோ என்றால் பசால்ட், இந்த ஊரின் தாய்க்கல். நாம் பேச்சில் கருங்கல் என்று சொல்லிவிடுவோம், ஆனால் ஊர்ப்பக்கம் அம்மி கொத்தும் கருங்கல் வேறு இனம். இது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் கொட்டிய எரிமலைக் குழம்பு உறைந்தது. குழம்பில் மாட்டிய காற்றுக் குமிழ்கள் சின்னச் சின்னக் குழிகளாகத் தெரியும், சிலவற்றுக்குள் வெள்ளைப் படிகம் இருக்கும். மஞ்சளும் பழுப்புமாக இருந்தால் மலாட் கல். தென் மும்பையின் ஃபோர்ட் பகுதியில் இருக்கும் பெரிய கட்டடங்களில் நிறையப் பார்க்கலாம். வெளிர் நிறத்தில் மென்மையாக இருந்தால் போர்பந்தர் சுண்ணாம்புக்கல். கடல் நேரடியாக அடிக்கும் இடத்தில் பெரும்பாலும் பசால்ட்தான் இருக்கும், அது தண்ணீரை அதிகம் குடிக்காது.

கல்லின் முகத்தில் உளி விழுந்த தடம் தெரிகிறதா பாருங்கள். சசூன் டாக் போன்ற இடங்களில் விளிம்பு நேராகச் செதுக்கிய பெரிய கற்கள் வரிசை பிசகாமல் போகும். கோலிவாடாச் சுவர்களில் கிடைத்த கல்லைக் கிடைத்தபடி பொருத்தி, இடைவெளியில் சின்னச் சில்லைத் தட்டி இறுக்கியிருப்பார்கள். இரண்டாவதை மட்டமான வேலை என்று நினைக்காதீர்கள். ஒழுங்கில்லாத கல்லை அலைக்குத் தாங்கும்படி பொருத்துவதற்குத்தான் கண் அதிகம் வேண்டும்.

இடுக்கு

சித்தப்பா பார்க்கும் இடத்துக்கு வந்துவிட்டோம். இங்கே நேரம் செலவழியுங்கள்.

பசால்ட் கல்லை அலை உடைப்பது அபூர்வம். அலை அடிக்கும்போது தண்ணீரும் காற்றும் இடுக்குக்குள் நெரிந்து போகின்றன. அலை விலகும்போது அந்த அழுத்தம் உள்ளேயிருந்து கல்லை வெளியே தள்ளுகிறது. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை. இடுக்கில் சாந்து இருக்கும்வரை கல் அசையாது. சாந்து போனால் முதலில் சில்லு விழும், பிறகு கல் ஆடும், ஒரு மழைக்காலத்தில் பல்லு விழுந்த மாதிரி ஒன்று போகும். அதன் பக்கத்துக் கல்லுக்குப் பிடிமானம் போய்விடும்.

பழைய சாந்து சுண்ணாம்பு. வெள்ளையோ மங்கலான பழுப்போ இருக்கும், சரியாக வேகாத சுண்ணாம்புக் கட்டிகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும், சில இடத்தில் கிளிஞ்சல் துண்டு. இளஞ்சிவப்பாக இருந்தால் சுர்க்கி, அதாவது செங்கல் தூள் கலந்தது. அது அழகுக்குக் கலந்ததில்லை. வெறும் சுண்ணாம்பு காற்றுப் பட்டால்தான் இறுகும், எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில் இறுகாது. செங்கல் தூள் சேர்ந்தால் தண்ணீருக்குள்ளேயும் இறுகும். இதே சிக்கலோடுதான் ஜான் ஸ்மீட்டன் 1750-களில் இங்கிலாந்தில் எடிஸ்டன் கலங்கரை விளக்கத்துக்காக மல்லுக்கட்டினார். களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் அந்தச் சுண்ணாம்பு தண்ணீரில் இறுகும் என்று அப்போது கண்டுகொண்டார். நம்மூர்க் கொத்தனார் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்துச் சேர்ப்பார், அது தனிக் கதை.

சிமெண்ட் பூச்சைக் கண்டுபிடிக்கப் பயிற்சி தேவையில்லை. பச்சைச் சாம்பல் நிறம், கல்லின் முகத்துக்கு மேலேயே வழிந்து கிடக்கும். ஒரு நாணயத்தால் மெதுவாகத் தட்டினால் பல இடங்களில் ‘பொத்’ என்று உள்ளீடற்ற சத்தம் வரும். மேலே சிமெண்ட் ஒட்டியிருக்கிறது, உள்ளே பழைய சாந்து கரைந்து போய்விட்டது என்று அர்த்தம்.

சிமெண்ட் பலமானதுதானே, என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். சுவருக்குப் பின்னால் மண்ணும் ஜல்லியும் நிரப்பியிருக்கும். கடல் ஏறும்போது அந்த நிரப்பும் தண்ணீர் குடிக்கும். கடல் வேகமாக இறங்கும்போது உள்ளே உள்ள தண்ணீர் அதே வேகத்தில் இறங்காது, பின்தங்கி நின்று சுவரை முன்னால் தள்ளும். பழைய சுவர் சுண்ணாம்பு இடுக்குகள் வழியாகவும், அதற்கென்றே விட்ட துளைகள் வழியாகவும் இந்தத் தண்ணீரைக் கசியவிட்டு மூச்சு வாங்கிக்கொள்ளும். இடுக்கையெல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்தால் தண்ணீருக்குப் போக வழியில்லை. நல்லெண்ணத்தோடு செய்த மராமத்தே சில வருஷத்தில் வயிறாகத் தள்ளும்.

அதனால் வற்று நேரத்தில் நான் முதலில் தேடுவது கசிவைத்தான். எந்த இடுக்கிலிருந்து சொட்டுகிறது, எந்தத் துளை அடைத்துக் கிடக்கிறது, சொட்டும் தண்ணீர் தெளிவா கலங்கலா. தெளிவாக வந்தால் சுவர் நன்றாக இருக்கிறது. கலங்கி வந்தால் உள்ளே இருக்கும் மண் தண்ணீரோடு வெளியேறுகிறது. மேலே ஏறி அதே இடத்துக்குப் பின்னால் தரையைப் பாருங்கள், தளக்கல் குழிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

காலடி

இடுக்குக்கு அடுத்தபடி சுவரின் அடி. அலை கீழே இறங்கும்போது அடியிலிருக்கும் மணலைச் சுரண்டிக்கொண்டு போகும். கடைசி வரிசைக் கல்லுக்கு அடியில் ஸ்கேலை நுழைத்துப் பாருங்கள், கையை விடாதீர்கள். ஸ்கேல் முழுசாக உள்ளே போனால் அதை எழுதி வையுங்கள். பாறையின் மேலேயே கட்டிய இடங்களில் இந்தக் கவலை இல்லை.

உயிர்க்கோடுகள்

சுவரில் கிடைமட்டமாக நிறப்பட்டைகள் தெரியும். கீழே பச்சைப் பாசி, அதற்கு மேலே வெள்ளையாகக் கொட்டலசு (கல்லில் ஒட்டி வளரும், கூர்மையான ஓடுள்ள சின்னக் கடலுயிர்), அதன் நடுவே ஒட்டிக்கிடக்கும் சிப்பிகள், அதற்கும் மேலே கறுப்புப் பட்டை. கொட்டலசு முடியும் உயரம் கடல் அன்றாடம் தொட்டுப் போகும் உயரத்தை ஏறக்குறையக் காட்டும். ஒரே சுவரில் ஓரிடத்தில் மட்டும் கொட்டலசு இல்லாமல் மொட்டையாக இருந்தால் அங்கே கல் சமீபத்தில் மாற்றப்பட்டது, அல்லது படகு உரசும் இடம்.

கையுறை இதற்குத்தான். வழுக்கும்போது சுவரைப் பிடிப்போம். கொட்டலசு பிளேடு மாதிரி கீறும். எனக்கு உள்ளங்கையில் கோடு இன்னும் இருக்கிறது. கைரேகை பார்க்கிறவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு வெளிநாட்டு யோகம் என்றார்.

வற்று நேரத்தில் கோலிப் பெண்கள் பாறையிலிருந்து சிப்பி உடைத்து எடுப்பார்கள், காலவா என்பார்கள். அவர்கள் வேலை செய்யும் இடத்தில் குறுக்கே நிற்காதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

இரும்பு

படகு கட்டும் வளையம், கொக்கி, கற்களைக் கவ்விய இரும்புப் பட்டை ஏதாவது இருந்தால் துருவைப் பாருங்கள். இரும்பு துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் எவ்வளவு கெட்டியான கல்லையும் பிளக்கும். வளையத்தைச் சுற்றிக் கல்லில் கயிறு தேய்த்த பள்ளம் இருந்தால் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள்.

கேட்கவும்

இதைக் கடைசியில் வைத்தேன், ஆனால் நான் தப்பு செய்தது இதில்தான். ஒரு கோலிவாடாவில் நன்றாகச் செதுக்கிய கறுப்புக் கற்கள், இடையில் சுண்ணாம்பு ஒட்டியது, எல்லாம் பார்த்துவிட்டு இருநூறு வருஷச் சுவர் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். கூட வந்த நண்பர்களிடம் அரை மணி நேரம் பாடமும் எடுத்தேன். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு மாவ்ஷி (மராத்தியில் சித்தி, பெரியம்மா) கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும், “பாளா (தம்பி), நான் கல்யாணமாகி வந்த வருஷம் கட்டினது இது” என்றார். பழைய பந்தர், அதாவது படகுத்துறை, இடிந்தபோது விழுந்த கற்களை ஊர்க்காரர்கள் தோளில் சுமந்து வந்து அடுக்கியிருக்கிறார்கள். கல் பழசு, ஒட்டியிருந்த சுண்ணாம்பும் பழசு, சுவர் மட்டும் புதுசு. மறுபடி நெருங்கிப் பார்த்தேன். சுண்ணாம்பு கல்லின் முகத்தில்கூட ஒட்டியிருந்தது, செதுக்கிய பக்கம் சிலவற்றில் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. முதலிலேயே பார்த்திருக்க வேண்டியது.

அன்றிலிருந்து வரிசை மாறிவிட்டது. போனதும் முதலில் ஒரு டீ, பெரியவர் யாராவது இருந்தால் காகா, மாவ்ஷி என்று கூப்பிட்டுப் பேச்சு. ‘எப்போது கட்டியது’ என்று கேட்டால் பதில் வராது. ‘எந்த மழையில் எந்தப் பக்கம் விழுந்தது’ என்று கேளுங்கள், விரல் நீட்டிக் காட்டுவார்கள். கடலை மறிக்கும் கட்டுமானம் என்றாலே இங்கே எல்லோருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். ஹார்ன்பி வெல்லார்ட் என்று 1780-களில் முடித்த கரையால்தான் மகாலட்சுமிக்கும் வொர்லிக்கும் நடுவே கடல் உள்ளே புகுந்த வழி அடைபட்டது. அந்தக் கரை நிற்காமல் விழுந்துகொண்டே இருந்ததாகவும், கனவில் சொன்ன இடத்தில் அம்மன் சிலைகளை எடுத்த பிறகே நின்றதாகவும் மகாலட்சுமி கோயிலின் கதை. நம் காலத்தில் கோஸ்டல் ரோடு என்ற கடலோரச் சாலை வந்தபோது, தூண்களுக்கு நடுவே படகு போக 60 மீட்டர் போதாது என்று வொர்லி மீனவர்கள் போராடி 120 மீட்டர் வாங்கினார்கள். அந்தப் பேச்சு ஆரம்பித்தால் உங்கள் வற்று நேரம் முடிந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு

சுவரை ஐந்தடிக்கு ஒரு படம் என்று இடமிருந்து வலமாக எடுங்கள், ஒவ்வொன்றிலும் முந்தையதின் கால்பங்கு வரட்டும். மரஸ்கேல் எல்லாப் படத்திலும் தெரிய வேண்டும். தேதி, திதி, வற்று நேரம் மூன்றையும் எழுதுங்கள். ஆடும் கல்லோ புதுப் பள்ளமோ கண்டால் முதலில் அந்தக் கிராமத்து மச்சிமார் சொசைட்டியில், அதாவது மீனவர் சங்கத்தில், சொல்லுங்கள். அவர்களுக்கு எந்த அலுவலகத்தில் யாரைப் பிடிக்க வேண்டும் என்று தெரியும். மும்பையில் 1995-லிருந்தே பாரம்பரியக் கட்டட விதிகள் உண்டு. சுவர் ஒரு கோட்டையைச் சேர்ந்தது என்றால் அதையும் குறிப்பிட்டு எழுத்தில் கொடுக்கலாம். நீங்களே சிமெண்ட் வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள்.

ஒரு தடவை எடுத்த படத்தால் பெரிய உபயோகமில்லை. மே மாதம் ஒரு தொகுப்பு, மழை முடிந்து ஒரு தொகுப்பு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் எந்தக் கல் நகர்ந்தது என்று தெரியும். மழை கொஞ்சம் தணிந்ததும் மேலே நின்று எடுக்கும் முதல் தொகுப்புக்கு நான் நாரியல் பூர்ணிமாவைக் கணக்கு வைத்திருக்கிறேன். ஜூன், ஜூலை மீன்பிடித் தடையெல்லாம் முடிந்து, கோலிகள் கடலுக்குத் தேங்காய் விட்டுப் புது சீசனைத் தொடங்கும் நாள். நம் ஆவணி அவிட்டமும் பெரும்பாலும் அதே பௌர்ணமிதான். அன்று சுவர் முழுக்க ஜனம் நிற்கும், ஒரு கல்லைக்கூடப் படம் எடுக்க முடியாது. கொண்டாட்டத்துக்கு வேண்டுமானால் போங்கள். சுவருக்கு மறுநாள் போங்கள். மாட்டுங்காக்காரர்கள் காயத்ரி ஜபத்தை வந்து வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அன்று பிரதமை, வற்று காலை 7 மணிக்கு.